பள்ளிக்கு 1 டாலர், பட்டறைக்கு 61 டாலர்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை அமைச்சர் அவர்கள்,
தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்கள்,
ஒன்றிய அரசின் மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்கள்



2025 அக்டோபர் 14 அன்று ஓசூரில் எந்தப் பட்டறையும் நிற்கவில்லை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. போனஸ் பேச்சு ஒரு பக்கம், பண்டிகைக்கு முன் அனுப்பியாக வேண்டிய சரக்கு ஒரு பக்கம் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை முடித்துக்கொண்டது. மறுநாளும் கணினி வழக்கம்போல ஆன் ஆனது, டேலி கணக்கு மென்பொருள் திறந்தது, பிரிண்டர் ஓடியது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வருவது நின்றுவிட்டது. எதுவும் உடையாததால் யாருக்கும் இது செய்தியாகப் படவில்லை. சிறு பட்டறைக்காரர்களிடம் வந்து இதைப் பற்றிப் பேசியவர்கள், புதுக் கணினி விற்பவர்கள் மட்டும்தான்.

நான் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிச் சிறிய பட்டறை நடத்துகிறேன். சிஎன்சி லேத்து, ஒரு விஎம்சி மில்லிங் மெஷின், பழைய ட்ரில்லிங் மெஷின், பத்துப் பேருக்கும் குறைவான ஆட்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவை 1980-களில் இங்கே காலூன்றிய பிறகு அவற்றைச் சுற்றி முளைத்த பட்டறைகளின் வகையறாதான் நாங்கள். பெரிய கம்பெனிக்கு நேரடி சப்ளையர் கிடையாது. சப்ளையருக்கு சப்ளை செய்பவருக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். எங்களைப் போன்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு கணினி இருக்கும். ஒன்று ஆபீஸ் ரூமில், மற்றது மெஷின் பக்கத்தில். இரண்டுக்கும் வந்திருக்கும் சிக்கல் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் "புதுசு வாங்கிப் போடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

மெஷின் பக்கத்துக் கணினியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பட்டறைக்கு வரும் விருந்தினர்களுக்கு நாங்கள் மெஷினைத்தான் காட்டுவோம். கூலன்ட் துளியும் எண்ணெய்ப் புகையும் படியாமலிருக்க அதைப் பாலிதீன் உறை போட்டு மூடியிருப்போம். கீபோர்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும்; செட்டர் விரல் பழக்கத்திலேயே அடிப்பார். பெட்டிக்குப் பின்னால், இப்போது கடையில் விற்கும் கணினிகளில் அரிதாகிவிட்ட சீரியல் போர்ட் இருக்கும். அதிலிருந்து ஆர்எஸ்-232 கேபிள் ஒன்று மெஷின் கன்ட்ரோலுக்குப் போகும். அந்தக் கன்ட்ரோல், நினைவகத்தின் அளவைக் காகித நாடாவின் நீளத்தில் சொன்ன தலைமுறையைச் சேர்ந்தது. 320 மீட்டர் என்றால் ஏறக்குறைய 128 கேபி. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. ஆகவே டை, மோல்டு வேலைக்கான நீளமான ப்ரோகிராமை மொத்தமாக ஏற்ற முடியாது. கணினி கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப அனுப்ப, மெஷின் வெட்டிக்கொண்டே போகும். ட்ரிப் ஃபீட் என்போம். நள்ளிரவு ஷிப்டில் அப்டேட் என்று சொல்லிக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் கட்டர் பொருளின் மேலேயே நின்றுவிடும். தடம் விழுந்த இடம் பாலிஷில் போகாவிட்டால் ஸ்டீல் காசும் போச்சு, கூலியும் போச்சு.

அந்தக் கணினிக்குள் இருக்கும் மென்பொருளின் உரிமம், பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிளில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு 32 பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11-க்குக் கிடையாது. 32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஓடிவிடும். டாங்கிளுக்கும் இன்டர்ஃபேஸ் கார்டுக்கும் எழுதப்பட்ட 32 பிட் டிரைவர் ஓடாது. டிரைவர் ஓடாவிட்டால் மென்பொருள் திறக்காது. மென்பொருள் விற்றவரைக் கேட்டால் புதிய பதிப்பு வாங்கச் சொல்கிறார். அவர் சொன்ன விலைக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு லேத்தே எடுத்துவிடலாம்.

பழசை விட மனமில்லாதவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். அந்தக் கணினியில் இருக்கும் ஒவ்வொரு ப்ரோகிராமும் ஸ்கிராப் ஆன பொருளின் விலையைக் கொடுத்துத் திருத்தி எடுத்தது. இந்த வார்ப்புக்கு எந்த இன்சர்ட் தாங்கும், எந்த ஃபீடில் சத்தம் வரும், கோடையில் மதியத்துக்கு மேல் ஆப்செட்டை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையனும், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் தெலுங்கு பேசும் பெண்ணும் அந்தத் திரையில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எங்கள் விசுவாசத்தின் காரணம் இதுதான். விண்டோஸ் 10 வந்த 2015-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் பொது மேடையில் இதுவே கடைசி விண்டோஸ் என்று பேசினார். அது நிறுவனத்தின் முறையான வாக்குறுதி இல்லைதான். ஆனால் கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் விற்றார்கள், நாங்கள் அதை நம்பித்தான் வாங்கினோம்.

மெஷின் பக்கத்துக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிட்டால் இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். ஆபீஸ் கணினிக்கு அந்த வழி கிடையாது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். எங்கள் ஜாப் ஒர்க்கில் பெரும்பகுதி அத்திப்பள்ளி வழியாக பொம்மசந்திரா, ஜிகனி, பீன்யா என்று போய் வருவது. தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் பொருளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டிலிருந்து விலக்கு உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் ஜாப் ஒர்க்குக்குப் போகும் பொருளுக்கோ மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் கட்டாயம். ஒரு சாக்கு புஷ் அனுப்பினாலும் கணினி வேண்டும், இணையம் வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் சேர்ந்துகொண்டது. வங்கி, பிஎஃப், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் அதே கணினியில்தான். இணையத்தை விட்டு விலக முடியாதபடி எங்களைக் கட்டிப்போட்டது அரசின் விதி. அந்த இணையத்தில் பாதுகாப்பாக இருக்கும் செலவு மட்டும் எங்களுடையது என்பது நியாயமாகப் படவில்லை.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். 2016-இல் நல்ல ஐ5 கணினியாகப் பார்த்து வாங்கியவர் இந்த ஒரு நிபந்தனையில் வெளியே போகிறார். அந்தக் கணினிக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. புதிது வாங்கலாம் என்று போனால், 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தமாகப் போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. வாங்கச் சொல்லும் காலமும் விலை ஏறும் காலமும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி, இந்த மடலின் தலைப்புக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களைக் காசு கொடுத்தால் இன்னும் 3 ஆண்டுகள் பெறலாம். நிறுவனங்களுக்கான விலை முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர். இரண்டாம் ஆண்டு அது 122, மூன்றாம் ஆண்டு 244. மொத்தம் 427 டாலர், அதாவது 37,000 ரூபாய்க்கு மேல். முதல் ஆண்டைத் தவறவிட்டு இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டுக் கணினிக்கு 30 டாலரில் ஒரு திட்டம் இருக்கிறது. அது வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. அதே திருத்தங்கள், அதே கணினி, ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, அடுத்து 4. மூன்றாண்டுக்கும் சேர்த்து 7 டாலர். பள்ளிக்கு அந்த விலையில் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆளைப் பார்த்து விலை வைக்க முடியும் என்பதை மைக்ரோசாஃப்டே இதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையையும் பன்னாட்டு வங்கியையும் ஒரே வரிசையில் நிறுத்தி 61 டாலர் கேட்பதற்கு என்ன காரணம்?

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்பது அதன் பெயர். மருத்துவக் கருவி, பில் போடும் மெஷின், தொழிற்சாலைக் கருவி ஆகியவற்றுக்குள் பொருத்தி விற்பதற்காகக் கருவி தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கப்படும் பதிப்பு. அடிப்படையில் எங்கள் கணினியில் இருக்கும் அதே விண்டோஸ் 10 குடும்பம்தான். ஆக, மருந்து இன்னும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் ஊர் மருந்துக்கடைக்கு மட்டும் சப்ளை இல்லை. பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு ஓடுகிற கருவிகள் உலகத்தில் இருக்கின்றன என்று அறிந்துதான் அந்தப் பதிப்பை வைத்திருக்கிறார்கள். என் விஎம்சி-யும் அப்படியொரு கருவிதான். அது பெரிய கம்பெனியின் பெட்டிக்குள் பொருத்தப்பட்டு வரவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

கேட்டால் கிடைக்குமா என்று நீங்கள் நினைக்கலாம். ஐரோப்பாவில் கேட்டார்கள். யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு வலியுறுத்திய பிறகு, 2025 செப்டம்பரில், ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தின் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பை இலவசமாகவே தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மற்ற நாட்டவர்கள் இலவசமாகப் பெற வேண்டுமானால், கணினி அமைப்புகளை அந்த நிறுவனத்தின் கிளவுடில் சேமிப்பது போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அந்த நிபந்தனை தளர்ந்தது. ஒரு நுகர்வோர் அமைப்பால் இது முடிந்திருக்கிறது. தமிழ்நாடு அரசோ 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவ்வளவு கணினி வாங்கும் இடத்திலிருந்து ஒரு குரல் போனால் எந்த நிறுவனமும் எழுந்து உட்கார்ந்து கேட்கும். ஒன்றிய அரசின் உதயம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்குக் கல்வி நிறுவன விலையையே கொடுங்கள், அல்லது 2032 வரை ஓடும் பதிப்புக்கு மாறிக்கொள்ள வழிவிடுங்கள் என்று அந்தக் குரல் கேட்க வேண்டும். யார் குறுந்தொழில் என்ற வரையறை உங்களிடமே இருக்கிறது: 2025 ஏப்ரல் முதல் முதலீடு 2.5 கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள். புதிதாக எந்தப் பட்டியலும் தயாரிக்க வேண்டியதில்லை.

திருத்தம் வராத கணினியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் பட்டறைக்காரர்களும் எங்களில் உண்டு. அவர்களிடம் நான் 2017 மே மாதத்தை நினைவூட்டுவேன். வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானக் கணினிகளும் ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். 2014-இலேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்குக்கூட அந்த வாரம் அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். பெரிய ஆலை ஓரிரு நாளில் மீண்டுவிடும். எங்கள் ப்ரோகிராம்கள் பூட்டப்பட்டால் அவற்றை மீண்டும் எழுத எங்களிடம் ஆளும் இல்லை, மாதிரிப் பொருளும் இல்லை.

எக்ஸ்பி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஏடிஎம் மெஷின்களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த நேரம், 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சுக்குள் முக்கால்வாசி, 2019 ஜூனுக்குள் அத்தனையும் மாறியிருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கெடு வைத்தது. வங்கிகளிடம் பணமும் ஆட்களும் இருந்தும் ஓராண்டு அவகாசமும் தெளிவான படிகளும் கொடுக்கப்பட்டன. எங்களுக்குக் கிடைத்ததோ வாடிக்கையாளர் கம்பெனிகளின் ஆடிட் படிவத்தில் புதிதாக முளைத்த ஒரு கேள்வி: உங்கள் கணினிகளின் இயங்குதளத்துக்கு ஆதரவு உள்ளதா, ஆம் அல்லது இல்லை. "இல்லை" என்று எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து "ஆம்" என்று எழுதிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணையத்தில் இணைக்காமல் தனியே ஓடும் மெஷின் கணினிக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்று ஒரு வரி விதிமுறை அரசிடமிருந்து வந்தால், பொய் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

லினக்ஸுக்கு மாறுங்கள் என்ற யோசனையும் வரும். எனக்கு அதில் மரியாதை உண்டு. இந்த மாநிலமே அந்த வழியில் நடந்து பார்த்திருக்கிறது. மாநில அரசின் எல்காட் நிறுவனத்துக்கு சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்ந்து மாணவர்களின் கைக்கு வந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் நடக்கின்றன. ஈ-வே பில், வங்கி, மின்னஞ்சல் ஆகிய மூன்றுக்கும் பிரவுசர் போதும். பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். டேலியும் மெஷின் மென்பொருளும் வேறொன்றில் இணையமில்லாமல் ஓடட்டும். நான் என் ஆபீஸில் இப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இடிக்கும் இடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்; அதற்கு மட்டும் நான் இன்னும் விண்டோஸையே நம்ப வேண்டியிருக்கிறது. அரசின் தளங்கள் எதுவும் விண்டோஸை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதற்கு வெளிநாட்டு நிறுவனம் எதனோடும் பேச வேண்டியதில்லை.

இந்தப் பிரிக்கும் வேலையைச் செய்ய ஆள் வேண்டும். மாநிலத்தில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தினீர்கள். அங்கே ரோபோவும் புதிய சிஎன்சி-யும் கற்கும் பிள்ளைகளுக்கு, இருபது வயதான கன்ட்ரோலின் பேராமீட்டரை பேக்அப் எடுப்பதும், சீரியல் கேபிளைச் சோதிப்பதும், ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைப்பதும் பாடமாக இருக்கட்டும். படிப்பு முடித்து அவர்கள் வேலைக்கு வரும் பட்டறைகளில் இந்தக் கணினிகளும் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம் வழியாக நான்கைந்து பிள்ளைகள் கொண்ட குழு ஒவ்வொரு பட்டறையாக வந்து இதைச் செய்து கொடுத்தால், அவர்களுக்கான உதவித்தொகையில் பாதியை நாங்களே தரத் தயார்.

புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கும் ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போய்ப் பழைய போர்டும் ரேமும் தேடாத ஓசூர்க்காரர் குறைவு. ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் கணினிகள் அங்கே குவிகின்றன. எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ளவை அவற்றில் உண்டு. ஆனால் எது திருட்டு, எது தட்டிக்கொட்டியது, எதில் விண்டோஸ் உரிமம் செல்லும் என்று எங்களுக்குத் தெரியாது. 2022 மின்கழிவு விதிகள் பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர்களையும் தனி வகையாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. அப்படிப் பதிவு பெற்றவர்களிடமிருந்து, ஓராண்டு உத்தரவாதத்தோடு, எல்காட் மொத்தமாக எடுத்து எங்களுக்கு விற்கலாம். புதுப்பித்த கணினிக்கும் மூலதன மானியம் பொருந்தும்படி விதியைத் திருத்துங்கள். புது மெஷின் வாங்குகிறவருக்குக் கை கொடுக்கும் அரசு, இருக்கும் மெஷினை ஓட வைக்கிறவருக்கும் கொடுக்கலாம்.

ஒன்றிய அமைச்சர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியபோது வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. இயந்திரக் கருவிகள் அதில் இல்லை. ஒரு மெஷினை விற்றவர், அதன் மென்பொருளின் நிறுவல் வட்டு, டிரைவர், உரிமத்தின் மாற்று நகல் ஆகியவற்றை மெஷின் ஓடும் காலம்வரை தர வேண்டும் என்ற கடமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அந்த டாங்கிள் நாளை எரிந்துபோனால், நான் முழு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளை என்னால் திறக்க முடியாது. ஓசூரில் எத்தனையோ பட்டறைகள் அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன.

2026 அக்டோபரில் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் தொடங்குகிறது. அன்றுமுதல் விலை 122 டாலர், விட்டுப்போன 61 தனி. பேச்சுவார்த்தையை அதற்கு முன் தொடங்குங்கள். அதற்கு விவரம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் கூட்டம் போடுங்கள், வாரக் கடைசியாக இருந்தால் நல்லது, மெஷினை நிறுத்திவிட்டு வர முடியும். எந்தப் பட்டறையில் எத்தனை கணினி, எந்த ஆண்டு வாங்கியது, எந்தக் கன்ட்ரோல், என்ன மென்பொருள் என்ற கணக்கை நாங்களே எழுதி எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்